பாட்டி தைத்த போர்வையை அலசத் தெரியுமா?

கடந்த பல்கலைக்கழக விடுமுறையில் நான் ஒரு போர்வையைக் கெடுத்துவிட்டேன். கடையில் வாங்கிய போர்வை என்றால் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். அது என் பாட்டி கையால் தைத்தது.

விடுதியிலிருந்து சிரம்பானுக்குக் கிளம்பும் முன், போர்வையைத் துவைத்துக் கொண்டுபோய்ப் பாட்டியிடம் நல்ல பெயர் வாங்கலாம் என்று நினைத்தேன். பக்கத்தில் இருபத்து நான்கு மணி நேரமும் திறந்திருக்கும் சுயசேவை டோபி கடை ஒன்று உண்டு. அங்கே இருந்த பெரிய இயந்திரத்தில் போர்வையைத் திணித்தேன். சலவைத் திரவத்தையும் சாஃப்ட்னரையும் அந்த இயந்திரமே ஊற்றிக்கொள்ளும் என்று சுவரில் எழுதியிருந்தது. நான் படிக்கவில்லை. தாராளமாகச் சலவைத் தூளைக் கொட்டி, கையோடு கொண்டுபோயிருந்த சாஃப்ட்னரையும் ஊற்றினேன். பிறகு அதிக வெப்பத்தில் உலர்த்தினேன்.

வெளியே எடுத்தபோது கருநீலத் துண்டுகள் மீதெல்லாம் வெள்ளை வெள்ளையாகக் கோடுகள். தையல் ஓடிய இடங்கள் மொரமொரப்பாக இருந்தன. மற்ற இடங்களைத் தொட்டால் மெழுகு தடவியதுபோல் வழுக்கியது. வாசனை மட்டும் தூக்கலாக இருந்தது. இரண்டு இரவு போர்த்திப் படுத்ததில் கழுத்தெல்லாம் அரிப்பு.

சிரம்பானில் பாட்டி அதைத் தொட்டுப் பார்த்தார். "ஏம்மா, இதுல மாவு கீவு பிசைஞ்சியா?" என்று கேட்டார். நான் நடந்ததைச் சொன்னேன். "சரி விடு, பழசுதானே" என்று மடித்து ஓரமாக வைத்துவிட்டார்.

திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. பாட்டிக்குக் கண்புரை அறுவைச் சிகிச்சை நடந்திருக்கிறது. ஊசியில் நூல் கோக்க இப்போது விரல் ஒத்துழைப்பதில்லை. இன்னொரு போர்வை இனி வராது என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அந்த விடுமுறை முழுவதும் அந்தப் போர்வையைப் பழைய நிலைக்குக் கொண்டுவர முயன்றேன். அதில் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். உங்கள் வீட்டு அலமாரியிலும் இப்படி ஒன்று மடித்து வைக்கப்பட்டிருக்கலாம்.

துணிகளின் குடும்ப வரலாறு

எங்கள் குடும்பம் சிரம்பானுக்கும் போர்ட்டிக்சனுக்கும் இடையில் இருந்த ஒரு ரப்பர் தோட்டத்தைச் சேர்ந்தது. பாட்டி விடியும் முன் எழுந்து பால் மரம் வெட்டப் போனவர். பிறகு ரப்பர் போய் செம்பனை வந்தது. அதன் பின் தோட்டமே போய் வீடமைப்புத் திட்டம் வந்தது. இன்று அந்த லயங்கள் இருந்த இடத்தை வரிசை வீடுகளுக்கு நடுவில் பாட்டியாலேயே அடையாளம் காட்ட முடியவில்லை.

போர்வையில் ஐந்தாறு சேலைகள் இருக்கின்றன. கருநீலம், பாட்டி தீபாவளிக்கு வாங்கிய வாயல் சேலை. பச்சைக் கட்டம், தாத்தாவின் கைலி. வெள்ளைத் துண்டுகள், அம்மா தமிழ்ப்பள்ளிக்குப் போட்டுச் சென்ற சீருடைச் சட்டை. நடுவில் ஒரு பழைய கம்பளி விரிப்பு. மேலும் கீழும் சேலைத் துணியை வைத்து, மூன்றையும் சேர்த்து ஓட்டுத் தையல் போட்டிருக்கிறார். ஓர் ஓரத்தில் கட்டைவிரல் அளவுக்குக் கறுப்பு நிறக் கறை ஒன்று உண்டு. அது ரப்பர் பால் காய்ந்து கறுத்த தடம்.

உண்மையைச் சொல்கிறேன். இடைநிலைப்பள்ளியில் படித்த காலத்தில் தோழிகள் வீட்டுக்கு வந்தால் இந்தப் போர்வையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுவேன். 'கந்தல்' என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்ற பயம். பூப்போட்ட கடைப் போர்வைதான் மரியாதை என்று நினைத்தேன்.

அந்தக் 'கந்தை' என்ற சொல்லுக்கு எவ்வளவு பெரிய உறவுக் கூட்டம் இருக்கிறது என்று அப்போது தெரியாது. வங்காளத்தில் பழைய சேலைகளை அடுக்கடுக்காக வைத்துத் தைக்கும் போர்வைக்கு 'காந்தா' என்று பெயர். சமஸ்கிருதத்திலும் ஒட்டுத் துணிக்கு அதே சொல்தான். பழைய சேலையின் கரையிலிருந்து நூலை உருவி அதையே தையல் நூலாகவும் பயன்படுத்துவது காந்தாவின் மரபு. ஊசியைத் தவிர எதையும் கடையில் வாங்கத் தேவையில்லை. பூவும் மீனும் கதைகளும் தைத்த 'நக்ஷி காந்தா' இன்று வங்காளதேசத்தின் பெருமைகளில் ஒன்று. கவிஞர் ஜசீமுத்தீன் 1929இல் அந்தப் போர்வையின் பெயரிலேயே ஒரு நெடுங்கவிதை எழுதினார். மகாராஷ்டிரத்தில் இதே பழக்கத்துக்குக் 'கோதடி' என்று பெயர். கர்நாடகத்தில் வாழும் ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்தி மக்களிடமும் ஒட்டுத்துணிப் போர்வை மரபு இருக்கிறது. நம் மலாய் அண்டை வீட்டாரின் 'செலிமுட் பெர்ச்சா'வை நாம் எல்லோரும் பார்த்திருப்போம்.

என் மனத்தை மாற்றியது அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் இருக்கும் ஜீஸ் பெண்ட் என்ற சிற்றூர். ஆறு வளைந்து ஓடும் இடத்தில், ஒரு காலத்தில் அடிமைகளை வைத்துப் பருத்தி பயிரிட்ட தோட்டம் அது. அந்த மக்களின் சந்ததியினர் அங்கேயே வாழ்ந்தார்கள். பெண்கள் வயலில் உழைத்துக் கிழிந்த காற்சட்டைகளையும் சட்டைகளையும் வெட்டிப் போர்வை தைத்தார்கள், குளிருக்காக. மிசௌரி பெட்வே என்ற பெண் 1942இல், கணவர் இறந்த பிறகு, அவர் வேலைக்கு உடுத்திய துணிகளைக் கொண்டு ஒரு போர்வை தைத்தார். 2002இல் ஹியூஸ்டன் நகரின் நுண்கலை அருங்காட்சியகத்தில் ஜீஸ் பெண்ட் போர்வைகள் காட்சிக்கு வைக்கப்பட்டன. பிறகு நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்துக்கும் போயின. 2006இல் அமெரிக்க அஞ்சல் துறை அவற்றை அஞ்சல்தலைகளாகவே வெளியிட்டது.

தோட்டத்துப் பெண்கள், வேலைத் துணி, குளிருக்கு ஒரு போர்வை. நான் கட்டிலுக்கு அடியில் தள்ளியதும் அதே வகைதான். அதனால் முதலில் அதன் மீது படிந்திருந்ததை எடுக்க வேண்டும் என்று முடிவு செய்தேன்.

ஐந்தாம் படிவப் பாடம் இங்கேதான் உதவுகிறது

ஐந்தாம் படிவ வேதியியலில் சவர்க்காரமும் சலவைப் பொருளும் பற்றிய பகுதி நினைவிருக்கிறதா? நான் அதை மலாய்மொழியில் 'கெக்காட்' என்று மனப்பாடம் செய்து, தேர்வில் எழுதி, மறந்துவிட்டேன். கடின நீரில் சவர்க்காரம் சேரும்போது உண்டாகும் வெண்ணிறக் கசடுதான் கெக்காட். நீரில் இருக்கும் கால்சியமும் மெக்னீசியமும் சவர்க்காரத்தோடு சேர்ந்து கரையாத உப்பாகி, துணியில் ஒட்டிக்கொள்கின்றன. சலவைத் தூளில் இருக்கும் செயற்கைச் சலவைப் பொருள் அப்படிக் கெட்டியாவதில்லை. அதனால்தான் அது சவர்க்காரக் கட்டியின் இடத்தைப் பிடித்தது.

இரண்டும் வேலை செய்யும் விதம் ஒன்றுதான். மூலக்கூறின் ஒரு முனை நீரோடு சேரும். மறு முனை எண்ணெய் அழுக்கோடு சேரும். அழுக்கைப் பிடித்து நீருக்குள் இழுத்து வந்துவிடும். அலசும்போது அழுக்கும் சலவைப் பொருளும் சேர்ந்தே வெளியேற வேண்டும்.

தைத்த போர்வையில் சிக்கல் இங்கேதான். சட்டைக்கு ஓர் அடுக்குத்தான். போர்வைக்கு மூன்று. நீரும் நுரையும் உள்ளே நுழைவது சுலபம். நடு அடுக்கிலிருந்து வெளியே வருவது கடினம். நூற்றுக்கணக்கான தையல்களும் வழியை அடைக்கின்றன. சட்டையை இருமுறை அலசினால் போதும் என்பதற்காகப் போர்வைக்கும் அப்படியே செய்தால், வெளிப்பக்கம் சுத்தமாகும், உள்ளே நுரை தங்கிவிடும். காய்ந்ததும் அதுதான் வெள்ளைக் கோடாகவும் மொரமொரப்பாகவும் வெளியே தெரியும். வேர்வை பட்டதும் அரிப்பையும் கொடுக்கலாம்.

சாஃப்ட்னர் செய்யும் வேலை என்ன?

சாஃப்ட்னர் துணியைக் கழுவுவதில்லை. அது துணி மீது பூசப்படும் ஒரு படலம். அதன் மூலக்கூறில் நேர்மின்னூட்டம் கொண்ட ஒரு முனையும், நீளமான கொழுப்பு வால்களும் இருக்கும். நனைந்த பருத்தி இழையின் மேற்பரப்பு எதிர்மின்னூட்டம் கொண்டது. எனவே சாஃப்ட்னர் இழையில் போய் ஒட்டிக்கொள்ளும். கொழுப்பு வால்கள் வெளிப்பக்கமாக நிற்கும். இழைகள் ஒன்றோடொன்று உராயாமல் வழுக்குவதால் நமக்கு மென்மையாகத் தெரிகிறது.

பருத்தியின் சிறப்பே ஈரத்தை உறிஞ்சுவதுதான். கொழுப்புப் படலம் படிந்தால் அந்தத் திறன் குறையும். சாஃப்ட்னர் போட்ட துண்டு ஈரத்தைச் சரியாக ஒற்றி எடுக்காமல் போவதற்கு இதுதான் காரணம். நம் ஊர்ப் புழுக்கத்தில் வேர்வையை உறிஞ்சாத போர்வையைப் போர்த்திக்கொள்வது எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

நான் செய்த பெரிய தவறு இன்னொன்று. சலவைப் பொருளின் முனை எதிர்மின்னூட்டம் கொண்டது, சாஃப்ட்னரின் முனை நேர்மின்னூட்டம் கொண்டது. இரண்டையும் ஒரே நீரில் ஊற்றினால் அவை ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு பிசுபிசுப்பான கசடாகிவிடும். சலவையும் நடக்காது, மென்மையும் கிடைக்காது. சலவை இயந்திரத்தில் சாஃப்ட்னருக்குத் தனிப் பெட்டி வைத்து, கடைசி அலசலில்தான் அது இறங்கும்படி அமைத்திருப்பது இதற்காகத்தான்.

இதில் நமக்கு ஒரு சொந்தத் தொடர்பும் உண்டு. செம்பனை விதையின் எண்ணெயில் லாரிக் அமிலம் அதிகம். நுரை தரும் பல சலவைப் பொருள்கள் அதிலிருந்துதான் தயாராகின்றன. சாஃப்ட்னரின் கொழுப்பு வால்களுக்கும் செம்பனை எண்ணெய் ஒரு மூலப்பொருள். என் பாட்டி ரப்பருக்குப் பிறகு பொறுக்கிய செம்பனைப் பழம், எந்தெந்த நாட்டையோ சுற்றி, ஒரு போத்தலில் அடைபட்டு, அவர் தைத்த போர்வையின் மீதே வந்து படிந்திருக்கலாம்.

நம் குழாய் நீர் எப்படிப்பட்டது?

துணி துவைப்பதைப் பற்றி நாம் படிக்கும் குறிப்புகளில் பல இங்கிலாந்திலோ அமெரிக்காவிலோ எழுதப்பட்டவை. லண்டன் போன்ற இடங்களில் நீர் சுண்ணாம்புப் பாறை வழியாக ஊறி வருவதால் கடினமானது. அங்கே சலவைப் பொருளைச் சற்றுக் கூடுதலாகப் போட வேண்டியிருக்கும். ஒரு லிட்டர் நீரில் கால்சியம் கார்பனேட் கணக்கில் 60 மில்லிகிராமுக்கு மேல் போகாவிட்டால் அது மென்னீர். 180ஐத் தாண்டினால் மிகக் கடின நீர்.

சிரம்பானைச் சுற்றியிருக்கும் மலைகள் கருங்கல் வகையைச் சேர்ந்தவை. கருங்கல்லில் சுண்ணாம்பு குறைவு. நம் குழாய்களுக்கு வருவது பெரும்பாலும் மழையால் நிரம்பும் ஆற்று நீரும் அணைக்கட்டு நீரும். இத்தகைய நீர் பொதுவாக மென்மையானது. மென்னீரில் கொஞ்சம் சலவைத் திரவமே நிறைய நுரைக்கும். அந்த நுரை எளிதில் அடங்காது, அலசி முடிக்க அதிக நீர் தேவைப்படும். ஆகவே வெளிநாட்டுக் குறிப்பைப் பார்த்து இரண்டு மூடி ஊற்றினால் நமக்குக் கிடைப்பது சுத்தமல்ல, மீதி நுரை.

கிணற்று நீர் பயன்படுத்துபவர்கள் மட்டும் வேறு விதமாக யோசிக்க வேண்டும். நம் நாட்டு நிலத்தடி நீரில் பல இடங்களில் இரும்புச் சத்து அதிகம். அது வெள்ளைத் துணியில் செம்மஞ்சள் கறையை உண்டாக்கும். ஈப்போ வட்டாரம் போல் சுண்ணாம்புக் குன்றுகள் இருக்கும் இடங்களில் கிணற்று நீர் கடினமாகவும் இருக்கக்கூடும்.

துவைக்கும் முன்

போர்வையை நனைக்கும் முன் மூன்று சோதனைகள் செய்யுங்கள்.

முதலாவது, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். பருத்தித் துணி என்றால் துவைக்கலாம். இலவம்பஞ்சு, அதாவது நாம் 'கெக்காபு' என்று சொல்வது, இருந்தால் நனைக்காதீர்கள். அந்தப் பஞ்சின் மேல் இயற்கையாகவே மெழுகு இருப்பதால் அது நீரை எளிதில் ஏற்காது. நனைந்த பின் கட்டி கட்டியாகச் சேர்ந்துவிடும். வெயிலில் காயவைத்துத் தட்டினால் போதும். பட்டுத் துண்டுகளோ கம்பளியோ இருந்தால் காரம் கூடிய சலவைத் தூளும் சூடான நீரும் ஆகாது. என் போர்வையில் நடுவில் இருந்தது கம்பளி. அதை நான் அதிக வெப்பத்தில் உலர்த்தியிருக்கவே கூடாது. ஓர் ஓரம் சுருங்கியது சுருங்கியதுதான்.

இரண்டாவது, சாயம் போகுமா என்று பாருங்கள். நனைத்த வெள்ளைத் துணியை ஒவ்வொரு நிறத்தின் மீதும் சிறிது நேரம் அழுத்துங்கள். சிவப்பும் கருநீலமும் முக்கியம். நிறம் ஒட்டினால் வீட்டில் துவைக்க வேண்டாம். உப்போ வினிகரோ போட்டால் சாயம் நிற்கும் என்று பலர் சொல்வார்கள். சாயம் ஏற்றும் நேரத்தில் உப்பு உதவும். ஏற்கெனவே சாயம் ஏற்றிய துணியில் அது சாயத்தைப் பிடித்து வைக்காது.

மூன்றாவது, பிரிந்த தையல்களை முதலில் தைத்துவிடுங்கள். நனைந்த போர்வை மிகவும் கனக்கும். அந்தக் கனத்தில் ஒரு சிறு பிரிவு ஒரு சாண் கிழிசலாகிவிடும்.

துவைத்த முறை

எங்கள் வீட்டில் பெரிய தொட்டி இல்லை. அக்கா மகன் விளையாடும் காற்றடைத்த குளத்தைக் கேட்டு வாங்கினேன். அடியில் ஒரு பழைய கட்டில் விரிப்பைப் போட்டு அதன் மேல் போர்வையை விரித்தேன். தூக்கும்போது விரிப்பின் நான்கு முனைகளையும் பிடித்துத் தூக்கினால் கனம் தையலில் விழாது. அருங்காட்சியகங்களில் பழந்துணிகளைக் கழுவும்போதும் அடியில் வலை வைத்துத்தான் தூக்குகிறார்கள்.

முதல் நீரில் எதையும் சேர்க்கவில்லை. வெறும் தண்ணீர். கையால் மெல்ல அழுத்தி அழுத்தி விட்டேன். எதுவுமே போடாத நீரில் நுரை பொங்கியது! டோபி கடையில் நான் கொட்டியது அப்படியே உள்ளே இருந்திருக்கிறது. உங்கள் போர்வையில் மீதி இருக்கிறதா என்று அறிய இதைவிடச் சுலபமான வழி இல்லை. இன்னொரு வழி, காய்ந்த போர்வை மீது ஒரு சொட்டு நீர் விடுவது. உடனே உறிஞ்சினால் பருத்தி நலமாக இருக்கிறது. முத்துப்போல் நின்றால் சாஃப்ட்னர் படலம் இருக்கிறது.

நான்கு முறை நீரை மாற்றிய பிறகுதான் நுரை குறைந்தது. ஐந்தாவது முறை வெதுவெதுப்பான நீரில் மிதமான சலவைத் திரவம் ஒரே ஒரு மேசைக்கரண்டி சேர்த்தேன். சாஃப்ட்னர் படலத்தை இளக்கி எடுக்க இந்தச் சிறு அளவு தேவை. முறுக்கவில்லை, அடித்துத் துவைக்கவில்லை. கீரையை அலசுவதுபோல் அழுத்தி விட்டதுதான். பிறகு மீண்டும் வெறும் நீரில் அலசல், நுரை அறவே நிற்கும் வரை. கடைசிக்கு முந்திய அலசலில் பத்து லிட்டருக்கு அரைக் கோப்பை வீதம் சமையல் வினிகர். கடைசியாக ஒரு முறை வெறும் நீர்.

வினிகரைப் பற்றிச் சில எச்சரிக்கைகள்

வினிகர் ஒரு மென்மையான அமிலம். சலவைப் பொருள் விட்டுச்சென்ற காரத்தைச் சமன் செய்யும். சுண்ணாம்புப் படிவைக் கரைக்கும். அதற்குமேல் அதனிடம் மாயம் எதுவும் இல்லை.

கட்டிச் சவர்க்காரத்தால் துவைப்பவர்கள், சவர்க்கார நீர் முழுவதும் போகும் முன் வினிகரை ஊற்றக் கூடாது. அமிலம் பட்டால் சவர்க்காரம் மீண்டும் கொழுப்பு அமிலமாக மாறிவிடும். அந்தப் பிசுக்கு துணியிலேயே படியும். பாதி அலசிவிட்டு வினிகர் ஊற்றி, 'ஏன் இன்னும் பிசுபிசுக்கிறது' என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

வெளுப்பான் திரவத்தோடு வினிகரை ஒருபோதும் கலக்காதீர்கள். குளோரின் வாயு வெளியாகும். அது நுரையீரலைப் பாதிக்கும் நச்சு வாயு.

தோட்டப்புறத்தில் இருப்பவர்களுக்கு இன்னொன்று. மலாயில் 'சூக்கா' என்றால் வினிகர். 'சூக்கா கெத்தா' என்பது ரப்பர் பாலை உறையவைக்கும் பார்மிக் அமிலம். பெயரில் ஒற்றுமை இருந்தாலும் அது தோலைப் புண்ணாக்கும் அமிலம். பழைய கொட்டகையில் ஒரு போத்தல் கிடக்கிறதே என்று எடுத்துவிடாதீர்கள்.

காயவைப்பதும் உதறுவதும்

சிரம்பானில் பல நாள்களில் மதியத்துக்குமேல் மழை கொட்டும். தடித்த போர்வை அன்றே காயாவிட்டால் முடை நாற்றமும் பூஞ்சையும் வரும். எனவே வெயில் உள்ள நாளாகப் பார்த்து விடியற்காலையிலேயே தொடங்க வேண்டும். அலசிய போர்வையைத் துண்டுகளுக்கு இடையில் வைத்துச் சுருட்டி அழுத்தினால் நிறைய நீர் இறங்கிவிடும். ஒற்றைக் கொடியில் தொங்கவிடாதீர்கள். மூன்று நான்கு கொடிகளின் மேல் கிடத்தினால் கனம் பகிர்ந்துகொள்ளப்படும். கடும் வெயில் நிறத்தை மங்கச் செய்யும் என்பதால் உட்புறம் மேலே இருக்கட்டும்.

போர்வை காய்ந்ததும் தொட்டுப் பார்த்தேன். வெள்ளைக் கோடு இல்லை, வழுவழுப்பும் இல்லை. ஆனால் அப்பளம்போல் விறைப்பாக இருந்தது. என் முகம் வாடியதைப் பார்த்த பாட்டி, "உதறாம விட்டா அப்படித்தான் இருக்கும். அந்தப் பக்கம் பிடி" என்றார். இருவரும் ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து உதறினோம். மடித்துக் கையால் தட்டினோம். மறுபடியும் உதறினோம். ஐந்து நிமிடத்தில் அந்த விறைப்பு போய்விட்டது!

இதற்கு ஆய்வுக்கூட விளக்கமும் இருக்கிறது. பருத்தி காய்ந்தது போல் தெரிந்தாலும் இழைகளின் மேற்பரப்பில் மிக மெல்லிய நீர் ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த நீர் பசைபோல் இழைகளை ஒன்றோடொன்று பிணைப்பதால்தான் கொடியில் காய்ந்த துணி விறைக்கிறது என்று ஜப்பானின் ஹொக்கைடோ பல்கலைக்கழகமும் காவோ நிறுவனமும் சேர்ந்து செய்த ஆய்வு 2020இல் வெளியானது. உதறும்போதும் தட்டும்போதும் அந்தப் பிணைப்புகள் அறுகின்றன. பாட்டி அந்த ஆய்வைப் படிக்கவில்லை. லயத்துப் பைப்படியில் துவைத்து, வேலிக்கம்பியில் காயவைத்து, உதறி மடித்த ஐம்பது ஆண்டு அனுபவம் அவருக்கு இருந்தது.

இயந்திரத்தில்தான் துவைக்க வேண்டும் என்ற நிலையில் உள்ளவர்கள், முன்பக்கம் திறக்கும் இயந்திரத்தைத் தேர்ந்தெடுங்கள். மூன்றில் ஒரு பங்கு இடம் காலியாக இருக்கட்டும். சலவைத் திரவத்தைப் பாதியாகக் குறையுங்கள். கூடுதலாக ஓர் அலசல் கொடுங்கள். சாஃப்ட்னர் வேண்டாம். உலர்த்தியில் குறைந்த வெப்பம் போதும். டோபி கடைக்குப் போனால், என்னைப்போல் இல்லாமல், சுவரில் எழுதியிருப்பதை முதலில் படியுங்கள்.

எடுக்காமல் விட்ட கறை

எல்லாம் முடிந்த பிறகு அந்த ரப்பர் பால் கறை மட்டும் மிஞ்சியது. எதைக் கொண்டு எடுக்கலாம் என்று நான் தேடத் தொடங்கினேன். பாட்டி தடுத்தார். "அது உங்க தாத்தா கைலிம்மா. பால் வாளி தூக்கிட்டு வரப்போ சிந்தினது. அது கிடக்கட்டும்" என்றார்.

பழந்துணிகளைப் பாதுகாக்கும் வல்லுநர்களும் எல்லாக் கறையையும் எடுத்துவிடுவதில்லை. துணியை அரிக்கக்கூடிய அழுக்கையும் படிவையும் நீக்குவார்கள். அந்தத் துணி எப்படிப் பயன்பட்டது என்பதற்குச் சாட்சியாக இருப்பதை விட்டுவைப்பார்கள். சலவைத் தூள் என் கவனக்குறைவால் வந்தது. அது போக வேண்டும். ரப்பர் பால் என் தாத்தாவின் உழைப்பால் வந்தது. அது இருக்கட்டும். அவர் வேலை செய்த தோட்டம் இன்று இல்லை. கொட்டகையும் இல்லை. அவர் அங்கே உழைத்தார் என்பதற்கு எங்கள் வீட்டில் இருக்கும் தடயம் அந்தக் கட்டைவிரல் அளவுக் கறைதான்.

அன்று மாலை பாட்டியைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஒவ்வொரு துண்டும் யாருடையது, எப்போது வாங்கியது என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதிக்கொண்டேன். மூன்று துண்டுகள் யாருடையவை என்று அவருக்கே நினைவில்லை. இரண்டு ஆண்டுகள் முன்பே கேட்டிருந்தால் சொல்லியிருப்பார் என்று தோன்றியது.

தம்பி தங்கைகளே, பள்ளி விடுமுறையில் வீட்டு அலமாரியை ஒருமுறை திறந்து பாருங்கள். சேலைப் போர்வையோ, ஒட்டுத்துணி விரிப்போ, குழந்தைக்குத் தைத்த சிறு மெத்தையோ கிடைக்கக்கூடும். முதலில் தைத்தவரிடம் கதையைக் கேளுங்கள். பிறகு குறைந்த சலவைத் திரவத்தில், நிறைய நீரில், பொறுமையாக அலசுங்கள்.

போர்வை இப்போது மீண்டும் என் விடுதிக் கட்டிலில் இருக்கிறது. சென்ற வாரம் அறைத்தோழி அதைத் தொட்டுப் பார்த்து, எங்கே வாங்கியது என்று கேட்டாள். நான் எதையும் மறைக்கவில்லை. கருநீலத்தில் தொடங்கி அந்தக் கறை வரைக்கும் சொல்லி முடிக்க அரை மணி நேரம் ஆனது.